தோட்டத்து டாக்டர் துறவியான கதை: சுவாமி சிவானந்தரின் மலாயா ஆண்டுகள்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் உருவானது 1929இல். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சுவாமி சிவானந்தர் மலாயாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். எனவே ரிங்லெட்டையோ தானா ராத்தாவையோ அவரோடு இணைத்துப் பேச இடமில்லை. ஆனால், தோட்டத்து லயத்தையும் அங்குள்ள நோயாளிகளையும் அவரளவுக்கு நெருங்கிப் பார்த்த துறவிகள் குறைவு.

பாய்க்குப் பெயர்போன திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் 1887 செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. தந்தை வேங்கு ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தஞ்சாவூரில் மருத்துவம் படித்தவர், 1909இல் 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழைத் தொடங்கி நடத்தினார்.

1913இல் கப்பலேறினார். ஆசாரமான குடும்பம் என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொடப் பயம். அம்மா செய்து கொடுத்த இனிப்புப் பலகாரத்தையே தின்று, கரை சேரும்போது பாதி உயிராக இருந்தாராம். சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஒப்பந்தக் கூலி முறை முடிந்து, கங்காணி முறையில் தமிழர்கள் வந்து குவிந்த காலம் அது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் பால்மரக் காட்டில் ஆட்களைச் சாய்த்துக் கொண்டிருந்தன. அந்தத் தோட்டத்தில் சுமார் ஏழு ஆண்டுகள், பிறகு ஜொகூரில் மூன்று ஆண்டுகள். ஏழைகளிடம் காசு வாங்காமல் மருந்து கொடுத்ததோடு, சில வேளைகளில் கையிலிருந்த பணத்தையும் கொடுத்தனுப்பினார். சுற்றித் திரிந்த சாது ஒருவருக்கு வைத்தியம் பார்த்தபோது, அவர் கொடுத்த வேதாந்த நூல் டாக்டரின் மனத்தைத் திருப்பியது என்பார்கள். புத்தகம் ஒரு காரணம். பத்து ஆண்டுகளாகப் பார்த்த நோயும் சாவும் அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கும்.

1923இல் நல்ல வருமானத்தை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1ஆம் நாள் ரிஷிகேஷில் சந்நியாசம். அங்கும் வைத்தியம் நிற்கவில்லை. காப்புறுதிப் பணம் கைக்கு வந்ததும், 1927இல் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் திறந்தார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் 1936இல் தோன்றியது.

சங்கம் வெளிநாடுகளில் வேரூன்றியது பெரும்பாலும் சீடர்களால்தான். விஷ்ணுதேவானந்தர் கனடாவுக்குப் போனார். கோயம்புத்தூர்க்காரரான சச்சிதானந்தர் இலங்கை கண்டியில் ஆசிரமம் நடத்திவிட்டுப் பிறகு அமெரிக்கா சென்றார். இங்கே பத்துமலையில் சிவானந்த ஆசிரமம் எழுந்தது. சுவாமி பிரணவானந்த சரஸ்வதி அதை வழிநடத்தினார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிவானந்தர் 200க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவற்றை முதலில் படித்தவர்கள் பட்டணத்து ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும்தான். மாரியம்மன் திருவிழாவும் முனீஸ்வரன் படையலுமே சமயமாக இருந்த தோட்டத்துக்குள் சத்சங்கமும் யோகாசனமும் அவ்வளவு எளிதாக நுழையவில்லை. யாருடைய காய்ச்சலைப் பார்த்து அவர் மனம் மாறினாரோ, அவர்கள் கைக்கு அவருடைய புத்தகம் கடைசியில்தான் வந்தது.

1963 ஜூலை 14ஆம் நாள் ரிஷிகேஷில் மறைந்தார். மலாயாவிலிருந்து போன பிறகும் கடைசிவரை அவரை விட்டுப் போகாதது மருந்துப் பெட்டி. ஆசிரமத்தில் இலவச மருத்துவமனை இன்றும் நடக்கிறது.