தொப்பி ஊசியால் ஓடிய கார்

இப்போது நடுவழியில் கார் நின்றுவிட்டால், பெரியவர்கள் உடனே கைபேசியை எடுத்து மெக்கானிக்கை அழைக்கிறார்கள். பழைய கார்களை ஓட்டியவர்கள் அப்படியல்ல. டிக்கியில் ஸ்பானர், வயர், பழைய துணி எல்லாம் வைத்திருப்பார்கள். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, தாங்களே சரி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் காரோடு கூடவே பிறந்தது. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே அதைச் செய்து காட்டியவர் ஒரு தாய். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ்.

ஜெர்மனியில் உள்ள போர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில், 1849 மே 3-ஆம் தேதி பெர்த்தா பிறந்தார். கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியாளருக்கு அவரை நிச்சயம் செய்திருந்தார்கள். கார்லின் பட்டறை கூட்டாளியால் நொடித்துப் போகும் நிலைக்கு வந்தது. உடனே பெர்த்தா, தனக்குத் தர வேண்டிய சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே வாங்கிக் கொடுத்து, பட்டறையைக் காப்பாற்றினார். 1872-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பணம் கொடுத்ததோடு பெர்த்தா நின்றுவிடவில்லை. பட்டறையில் என்ன நடக்கிறது என்பதையும் கவனித்து வந்தார். 1879-ஆம் ஆண்டின் கடைசி இரவு, கார்ல் செய்த இன்ஜின் முதன்முதலாக ஒழுங்காக ஓடியபோது, பெர்த்தாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

1886 ஜனவரி 29-ஆம் தேதி, பெட்ரோல் வகை எரிபொருளில் ஓடும் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் கார்ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால், அதை வாங்கத்தான் ஆளில்லை! குதிரை இல்லாத வண்டியை நம்பி யார் தூரப் பயணம் போவார்கள்? கார்லும் சோர்ந்து போனார். குடும்பத்தின் பணமும் பல ஆண்டு உழைப்பும் அந்த ஒரு வண்டியில் முடங்கிக் கிடந்தன.

பெர்த்தா ஒரு முடிவுக்கு வந்தார். 1888 ஆகஸ்ட் மாதம், ஒரு நாள் விடியற்காலை. கார்ல் தூங்கிக் கொண்டிருந்தார். பெர்த்தா, 15 வயது மகன் யூஜெனையும் அவன் தம்பி ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் வண்டியை வெளியே தள்ளினார். அவர்கள் வசித்த மான்ஹைமிலிருந்து, தாய் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் சுமார் 105 கிலோமீட்டர். அதுவரை எந்தக் காரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எத்தனை தொல்லைகள் தெரியுமா?

எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்று அப்போது ஏது? துணிக்கறை போக்க உதவும் லிக்ராயின் என்ற திரவத்தில்தான் அந்த வண்டி ஓடியது. வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக் கடையில் அதை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையை இன்றும் சொல்கிறார்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக் கொண்டே இருந்தது. கிடைத்த இடத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார்கள்.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தன் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி, அடைப்பை நீக்கினார். பொறி உண்டாக்கும் மின்கம்பியின் மேலுறை தேய்ந்துவிட்டது. காலுறை நழுவாமல் போட்டிருந்த பட்டையைக் கழற்றி, அதன்மேல் சுற்றினார். செயின் மக்கர் செய்தபோது, ஒரு கொல்லரிடம் நிறுத்திச் சரி செய்துகொண்டார்.

மேட்டில் வண்டி ஏறவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் வேறு ஆபத்து! மரக்கட்டை பிரேக் தேய்ந்து, பிடிக்காமல் போனது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, கட்டையின்மேல் தோலை அடிக்கச் செய்தார். இன்று எல்லாக் கார்களிலும் உள்ள 'பிரேக் லைனிங்' அப்படித்தான் பிறந்தது.

இருட்டும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் வந்துவிட்டது. வந்து சேர்ந்த செய்தியைக் கணவருக்குத் தந்தியில் தெரிவித்தார். சில நாள் கழித்து, அதே வண்டியில் மான்ஹைம் திரும்பினார்.

வண்டியில் எது எது குறை என்று பெர்த்தா சொன்னதைக் கார்ல் கேட்டுக்கொண்டார். மேடு ஏறுவதற்காக இன்னொரு கியர் சேர்த்தார். அதே ஆண்டு மியூனிக் நகரில் நடந்த கண்காட்சியில், வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னர் விற்பனை மெல்ல மெல்லப் பெருகியது. 1899-இல் மட்டும் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகள் செய்தது!

கார்ல் 1929-இல் காலமானார். பெர்த்தா 95 வயது வரை வாழ்ந்து, 1944 மே 5-ஆம் தேதி மறைந்தார். அவர் வண்டி ஓட்டிய வழி, 2008 முதல் அவர் பெயரால் நினைவுப் பாதையாக விளங்குகிறது.

பெர்த்தா பொறியியல் கல்லூரிக்குப் போனவர் அல்ல. வண்டியின் எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தார். அதனால்தான் வண்டி நின்றபோது அவர் கை கட்டி நிற்கவில்லை.

இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஊசியும் பட்டையும் அங்கே செல்லாது. தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். ஆனால், உங்கள் சைக்கிள் உங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் துடையுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெர்த்தா அம்மையாருக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறு என்ன இருக்கிறது?