கொடுமுடி கோகிலம்

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு வறிய குடும்பத்திற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். சிறுமியாய் இரயில் வண்டியிற் பாடிப் பிழைத்த அக்குரல், நாடக மேடையேறி இலங்கை வரை புகழ் பெற்றது. கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று முதல் வெள்ளாடையே உடுத்தார். ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டு, முருகனே துணையென வாழ்ந்தார்.

அவ்வுறுதி பிறழாமல், 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகத் தாமே ஆண்வேடம் புனைந்தார். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் வியப்பூட்டிய தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். நம்மவராம் நந்தனார் தீயில் மூழ்கிய பின்னரே கோயிலுள் புகலாம் என்னும் அக்கதையை, வெடிமருந்துத் தீயின் கொடுமையறிந்த தாயில்பட்டியினராகிய நம்மால் ஏற்க இயலவில்லை. ஆயினும், சேரியின் ஏக்கத்தை நாடறிந்த குரலொன்று பாடியதை மறக்கவும் இயலாது.

சட்ட மேலவையிலும் அமர்ந்த அம்மையார், 1970-இல் பத்மஸ்ரீ பெற்று, 1980-இல் மறைந்தார்.