மண்ணில் தொடங்கும் மாட்டின் நலம்

இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல்பர்ட் ஹோவர்டை, மட்கு உரம் தயாரிக்கக் கற்றுத்தந்த பயிரியல் அறிஞராகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். அவருடைய சிந்தனை உருப்பெற்றதில் பிகாரில் அவரது ஏர்களை இழுத்த எருதுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. கால்நடை வளர்ப்பு குறித்து அவர் எழுப்பிய கேள்வி இன்றும் முக்கியமானது.

1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஹோவர்ட். கேம்பிரிட்ஜில் பயின்ற பின், 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆய்வாளராகப் பணியேற்றார். பிறருக்குப் பரிந்துரைக்கும் தீர்வுகளைச் சோதித்துப் பார்க்கச் சொந்தமாக ஒரு வயல்கூட இல்லாத ஆய்வாளராக இருப்பது அங்கு அவரை உறுத்தியது. 1905-இல் இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பிகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது, தாமே பயிரிட நிலம் வேண்டும் என்று கேட்டார். 75 ஏக்கர் கிடைத்தது. தாவரவியல் அறிஞரான மனைவி கேப்ரியலும் ஆய்வுகளில் இணைந்தார். இருவரும் உருவாக்கிய பூசா கோதுமை ரகங்கள் பெரும்புகழ் பெற்றன.

சுற்றுப்புற உழவர்கள் எந்த மருந்தும் தெளிக்காமல் நோயற்ற பயிர்களை விளைவிப்பதைக் கண்ட ஹோவர்ட், அவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். வளமான மண்ணில் தகுந்த முறையில் வளரும் பயிரை நோய் எளிதில் அண்டாது என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால், அந்தப் பயிரை உண்ணும் விலங்குக்கும் அது பொருந்துமா என்பதே அவரது அடுத்த கேள்வி.

விடை காண, ஆராய்ச்சிக்கென உழவு மாடுகளைத் தம் பொறுப்பில் பெற்றார். மாடுகளைத் தேர்ந்தெடுப்பது, தொழுவம் அமைப்பது, தீவனமிடுவது என அனைத்தையும் தாமே கவனித்தார். வளப்படுத்தப்பட்ட மண்ணில் விளைந்த பசுந்தீவனம், ஊறுகாய்ப்புல், தானியம் ஆகியவையே அவற்றின் உணவு. அவற்றுக்குத் தடுப்பூசி போடவில்லை. பிற மாடுகளிடமிருந்து ஒதுக்கி வைக்கவும் இல்லை. அருகிலிருந்த பெரிய தொழுவத்தில் கோமாரி நோய் அடிக்கடி பரவியது. இடையே இருந்தது ஒரு தாழ்ந்த வேலி மட்டுமே. நோயுற்ற மாடுகளோடு தம் எருதுகள் மூக்கை உரசி நிற்பதை அவர் பலமுறை கண்டார். ஆயினும் அவற்றுக்கு நோய் தொற்றவில்லை என்று பதிவு செய்தார்.

1924-இல் இந்தூரில் அவர் நிறுவிய பயிர்த்தொழில் ஆய்வு நிலையத்தில் இச்சிந்தனை செயல்முறையாக விரிந்தது. இந்திய உழவரிடம் சாணம் போதிய அளவு இல்லை. இருப்பதிலும் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. மாட்டின் சிறுநீரோ தரையில் வீணானது. எனவே, பயிர்க்கழிவுகளை மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பினார். சிறுநீர் ஊறிய தொழுவ மண்ணைத் தோண்டி எடுத்தார். இவற்றோடு சாணத்தையும் சாம்பலையும் கலந்து, ஆழமில்லாத குழிகளில் அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டார். சுமார் மூன்று மாதங்களில் மட்கு உரம் கிடைத்தது. சிறிதளவு சாணத்தைக் கொண்டு பெருமளவு உரம் செய்யும் இந்த ‘இந்தூர் முறை’யில், மாடு உழைப்பைத் தரும் விலங்காக மட்டும் அல்லாமல் மண்ணின் வளத்தைப் புதுப்பிக்கும் கண்ணியாகவும் ஆனது.

1930-இல் கேப்ரியல் மறைந்தார். மறு ஆண்டு, யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளருடன் சேர்ந்து எழுதிய நூலில் இந்தூர் முறையை வெளியிட்ட ஹோவர்ட், பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1934-இல் ‘சர்’ பட்டம் பெற்றார். 1940-இல் வெளிவந்த அவரது ‘வேளாண் சாசனம்’ உலகெங்கும் இயற்கை வேளாண் இயக்கங்களுக்கு ஊக்கம் தந்தது. மண், பயிர், விலங்கு, மனிதர் ஆகியோரின் நலம் பிரிக்க இயலாத ஒன்று என்பதே அதன் சாரம். 1947 அக்டோபரில் அவர் மறைந்தார்.

ஹோவர்டின் எருதுகள் தந்த சான்றை அளவோடுதான் ஏற்க வேண்டும். ஒரு பண்ணையில் கண்ட அனுபவம், ஒப்பீட்டுச் சோதனைக்கு ஈடாகாது. பல நூற்றாண்டுகளாக மாட்டு மந்தைகளை அழித்த வெக்கை நோய், 2011-இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதற்குத் தடுப்பூசியே முதன்மைக் காரணம். இயற்கை முறையில் வளர்க்கிறோம் என்று கோமாரித் தடுப்பூசியைத் தவிர்ப்பவர், ஹோவர்டின் பெயரால் தம் மந்தையை மட்டுமன்றி அண்டை வீட்டாரின் மந்தையையும் ஆபத்தில் தள்ளுகிறார்.

அதே வேளையில், தடுப்பூசி தீவனத்துக்கு மாற்றாகாது. மேய்ச்சல் நிலத்தை இழந்து, கடையில் வாங்கிய அடர்தீவனத்தையே நம்பி, கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டின் நலத்தை மருந்துப் புட்டியால் மட்டும் மீட்க முடியாது. அதன் சாணம் தொழுவத்தின் பின்புறம் குவிந்து நீர்நிலையைக் கெடுக்க, வயலோ உர மூட்டைக்குக் காத்திருக்கிறது என்றால், அறுந்துபோனது ஹோவர்ட் சுட்டிய அந்தக் கண்ணிதான். கறவை மாட்டுக் கடனோடு தீவன நிலத்துக்கும் எருக்குழிக்கும் உதவி வழங்கும் திட்டமே அந்தக் கண்ணியை மீண்டும் இணைக்கும்.