தோல் பதனிடும் வேலை... சில்வண்டு ஆராய்ச்சி! யார் இந்த வில்லியம் டிஸ்டன்ட்?

ஆஸ்திரேலியக் கோடை என்றாலே சில்வண்டு இரைச்சல்தான். அங்குள்ள அருண்டா, குடங்கா, புர்புங்கா, கொபோங்கா என்ற சில்வண்டுப் பேரினங்களுக்குப் பெயர் வைத்தவர், லண்டனில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு ஆங்கிலேயர். வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட்.

1845-ல் பிறந்தார். அப்பா திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டன். 1867-ல் மலாய் தீபகற்பத்தில் இருந்த அண்ணனைப் பார்க்கப் போன இடத்தில்தான் பூச்சி ஆர்வம் ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்பியவர் சேர்ந்ததோ தோல் பதனிடும் தொழிற்சாலையில்! அந்த வேலைக்கு நடுவிலேயே மலாய் வண்ணத்துப்பூச்சிகள் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது 1899-ல், 50 வயதைத் தாண்டிய பிறகு. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள் பற்றிய நூல் வரிசையில் நம்ம ஊர் சில்வண்டுகளைப் பதிவு செய்தவரும் இவர்தான்.

1906-ல் உலகச் சில்வண்டுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். எப்படிப் பிரித்தார் தெரியுமா? ஆண் சில்வண்டின் வயிற்றின் இருபக்கமும் சத்தம் எழுப்பும் சவ்வு இருக்கும். சிலவற்றில் அதன் மேல் மூடி இருக்கும். முழுசா மூடியிருந்தால் ஒரு துணைக்குடும்பம், பாதி மூடியிருந்தால் இன்னொன்று, திறந்திருந்தால் மூன்றாவது. அவ்வளவுதான். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் போதும், யாரும் பிரித்துவிடலாம்.

சிக்கலும் அங்கேதான். மூடி இருப்பதாலேயே இரண்டு பூச்சிகள் நெருங்கிய சொந்தம் ஆகிவிடாது. வெவ்வேறு வம்சங்களில் அது தனித்தனியாகத் தோன்றலாம், மறையவும் செய்யலாம். இறக்கை நரம்புகள், ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு என்று உடலமைப்பை நுணுக்கமாகப் பார்த்த பிறகு அவருடைய பிரிவுகள் நிற்கவில்லை. 2012-ல் மேக்ஸ் மோல்ட்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர், சிகாடெட்டா என்ற ஒரே பெயரில் குவித்து வைத்திருந்த இனங்களைப் பிரித்து, யோயெட்டா உள்ளிட்ட பல புதிய பேரினங்களை உருவாக்கினார். 2018-ல் வந்த மரபணு ஆய்வு துணைக்குடும்பங்களையே திருத்தி அமைத்தது. அதில் இந்திய ஆய்வாளர்களும் இருந்தார்கள்.

அதற்காக டிஸ்டன்டை ஓரங்கட்டவும் முடியாது. மேலே சொன்ன 4 பேரினங்களும் இத்தனை திருத்தங்களைத் தாண்டி அதே பெயரில் இருக்கின்றன. வகைப்பாட்டில் அது சின்ன விஷயமில்லை. அவர் சேர்த்த சுமார் 50,000 பூச்சிகளை 1920-ல் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. இரண்டு ஆண்டுகளில், 1922-ல், புற்றுநோயால் இறந்தார். அவர் பெயர் வைத்த ஒரு இனத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றால், அவர் குறித்து வைத்த அந்த மூலப் பூச்சியைத்தான் ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் போகிறார்கள்.