தோமஸ் ஹரியட்: அச்சில் விடுபட்ட பாதி

எங்கட பிள்ளைகள் ஜிசிஎஸ்இ கணக்கில் போடுகிற ‘பெரிது’, ‘சிறிது’ குறிகள், அந்த வாய் திறந்த அம்புகள், முதன்முதலில் அச்சில் வந்தது 1631இல். புத்தகம் தோமஸ் ஹரியட்டினுடையது. ஆனால் அவர் இறந்து அப்போது பத்து வருசமாகிவிட்டது.

1560 அளவில் பிறந்து ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். வால்டர் ராலியிடம் வேலைக்குச் சேர்ந்து, 1585இல் ரோனோக் தீவுக்குக் கப்பல் ஏறினார். ஏறமுதலே, லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டிருந்த மான்டியோ, வான்சீஸ் என்ற இருவரிடம் அவர்களுடைய மொழியைப் படித்து, அதற்கு எழுத்தும் அமைத்தார். விசாவுக்காக ஆங்கிலச் சோதனை எழுதின எங்களுக்கு அந்தப் பாடு விளங்கும். போனது நிலம் பிடிக்கிற கூட்டத்தோடுதான், அதை மறைக்கேலாது.

பிறகு நோர்தம்பர்லாந்துப் பிரபுவின் ஆதரவில் சயன் மாளிகைப் பக்கம் குடியிருந்தார். ஹவுன்ஸ்லோ ஆட்கள் பஸ்ஸில் கடந்துபோகிற அதே சயன்தான். 1609 யூலையில் தொலைநோக்கியால் நிலவைப் பார்த்துக் கீறினார், கலிலியோவுக்கு முன்னமே. ஆனால் வெளியிடவில்லை. மூக்கில் வந்த புற்றுநோயால் 1621இல் காலமானார்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவருடைய கையெழுத்துத் தாள்களில் சமன்பாடுகளின் மறை மூலங்களும் இருந்தன. வால்டர் வார்னர் அவற்றை விட்டுவிட்டு, நேர் மூலங்களை மட்டும் புத்தகமாக்கினார்.

இப்பவும் டியூசன் மேசைகளில் அதே பாதிதான் விடுபடுகிறது. 6ஐ ஓர் எண்ணால் பிரித்தால் விடை 2ஐ விடச் சிறிது, எண் எது? பிள்ளை இரண்டு பக்கத்தையும் அந்த எண்ணால் பெருக்கி, 3ஐ விடப் பெரிது என்று முடித்துவிடும். மறை 1ஐப் போட்டுப் பாருங்கோ: விடை மறை 6, அதுவும் 2ஐ விடச் சிறிதுதானே! தெரியாத எண் நேரா மறையா என்று கேளாமல் பெருக்கினதுதான் பிழை. நேர் என்றால் குறி அப்படியே நிற்கும். மறை என்றால் திரும்பும். ஏனென்றால் 2, 3ஐ விடச் சிறிது, மறை 2 மறை 3ஐ விடப் பெரிது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேணும்: 3க்கு மேலேயுள்ள எல்லாம், பூச்சியத்துக்குக் கீழேயுள்ள எல்லாம். ‘மைனஸ் வந்தால் திருப்பு’ என்று மனப்பாடமாக்கின பிள்ளைக்கு இங்கே மைனஸே கண்ணில் படாது. காரணத்தைச் சொல்லிக்கொடுக்காத டியூசனுக்கு ஏன் காசு கட்டுகிறோம்?

ஹரியட்டின் தாள்கள் 1784இல் பெட்வர்த் மாளிகையில் திரும்பக் கிடைத்தன. அவருடைய சமன்பாட்டு நூல், மறை மூலங்களோடு, ஜாக்குலின் ஸ்டெடாலின் ஆங்கிலப் பதிப்பாக வந்தது 2003இல்தான்.