ஓர் அரசுக் கல்லூரி மாணவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆராய்ச்சி என்பது பட்டங்கள் பல பெற்றபின் பெருநகரங்களில் செய்யும் காரியம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வெண்ணம் சரியன்று என்பதற்கு, நம்மைப்போல் அரசுக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் வாழ்வே சான்று.

1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு சென்னை வந்தபோது நேரில் சென்று கண்டார். தாம் நூலில் கற்ற அணுக்கொள்கை பழையதாகிவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தார். சோர்ந்துவிடாமல், அவ்வறிஞர் தந்த புதிய கட்டுரையைப் படித்துத் தாமே ஒரு கட்டுரை எழுதினார். 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டி அதனை வெளியிட்டபோது அவர் பட்டம் பெறாத மாணவர்!

1930-இல் அரசு உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். தாய் சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனைப் போகச் சொன்னவர் அவரே. அடுத்த ஆண்டே அத்தாய் மறைந்தார். மகனால் மறுபடி காண இயலவில்லை. என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மானாவாரிப் புஞ்சையில் களையெடுத்து என்னைப் படிக்க அனுப்பும் என் தாயை நினைக்கையில், அந்தத் தாயின் மனவலிமை எனக்கு நன்கு விளங்குகிறது.

கப்பலில் அவர் போட்ட கணக்கே பின்னர் புகழ்பெற்றது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண் குறுமீனாகச் சுருங்கும். அதன் பொருண்மை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால், எலக்ட்ரான்களின் அழுத்தம் அதனைத் தாங்காது, சுருக்கம் தொடரும். 1935 ஜனவரி 11-இல் லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில், புகழ்பெற்ற எடிங்டன் இம்முடிவை எள்ளி மறுத்தார். சந்திரசேகர் கணக்கை மாற்றவில்லை. 1983-இல் நோபல் பரிசு வந்தது. மழையை நம்பி விதைக்கும் கோவில்பட்டிக் கரிசல் மக்களுக்குக் காத்திருப்பின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

அக்கணக்கு காட்டிய வழியில்தான் கருந்துளை பற்றிய அறிவு வளர்ந்தது. சில விண்மீன் திரள்களின் மையம், அத்திரளின் விண்மீன்கள் அனைத்தும் சேர்ந்து தரும் ஒளியையும் விஞ்சி ஒளிர்வதுண்டு. அங்கே சூரியனைப்போல் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு பொருண்மையுள்ள கருந்துளை வாயுவை இழுக்கிறது. விழும் வாயு சுழன்று சூடேறி ஒளிர்கிறது. இரு திரள்கள் இணையும்போது அவற்றின் கருந்துளைகள் மையம் நோக்கிச் செல்வதை விளக்க உதவுவதும், 1943-இல் சந்திரசேகர் வகுத்த இயக்க உராய்வுக் கொள்கையே.

1995 ஆகஸ்ட் 21-இல் அவர் மறைந்தார். 1999-இல் நாசா ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் நினைவாகச் சந்திரா எனப் பெயர் பெற்றது. அத்தகைய மையங்களை நோக்கி அது திரட்டிய தரவுகள், எவரும் எடுத்துப் பயிலும்படி இணையத்தில் இலவசமாக உள்ளன.

அவருடைய தந்தை ரயில்வே கணக்கு அதிகாரி. சிற்றப்பா சர் சி. வி. இராமன். நம் வீடுகளில் அத்தகைய துணை இல்லை. ஆயினும் நூலகம் உண்டு. ஐயம் கேட்டால் விளக்கும் ஆசிரியர்கள் உண்டு. மாணவ நண்பர்களே! ஆசிரியர் துணையோடு, ஒரே ஒரு விண்மீன் திரளின் மையத்தையாவது தேர்ந்தெடுத்து, அதன் ஒளி நாளுக்கு நாள் எவ்வாறு மாறுகிறது எனக் கணக்கிட்டுப் பார்ப்போம். பட்டம் பெறும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.