2.28-உம் 2.06-உம்

முத்தியால்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து மெக்கானிக்கல் படித்தவன் நான். இந்த மலரைப் புரட்டும் ஜூனியர்களுக்கு உயரம் தாண்டும் வீரர் வலேரி புரூமெல் பற்றிச் சொல்லியே ஆகணும்.

சோவியத் நாட்டில் 1942-இல் பிறந்தவர். 18 வயதில் ரோம் ஒலிம்பிக்கில் வெள்ளி. 1961 முதல் 1963 வரை உலக சாதனையை ஆறு தடவை உயர்த்தி 2.28 மீட்டருக்குக் கொண்டுபோனார். 1964-இல் டோக்கியோவில் தங்கம். அடுத்த வருஷமே மோட்டார் சைக்கிள் விபத்து, கால் நொறுங்கியது. ஆபரேஷன் மேல் ஆபரேஷன் செய்தும் எலும்பு கூடவில்லை.

1968-இல் சைபீரியாவின் குர்கனில் டாக்டர் இலிசாரோவிடம் போனார். வளையம், கம்பி, நட்டு, போல்ட்டு... எல்லாம் நம்ம ஒர்க்‌ஷாப் சாமான்தான்! அவற்றைக் காலைச் சுற்றி மாட்டி, எலும்பை அசையாமல் பிடித்துக் கூட வைத்தார் டாக்டர்.

புரூமெல் மறுபடி ஓடி வந்து 2.06 தாண்டினார். 1958 ஆசியப் போட்டியில் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் தங்கம் வென்ற உயரமே 2.03 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பழைய உயரம் மட்டும் திரும்ப வரவில்லை. அவரது 2.28-ஐ 1971-இல் அமெரிக்காவின் மாட்ஸ்டார்ஃப் முறியடித்தார். 2003-இல் புரூமெல் காலமானார்.

எனக்கென்னவோ அவருடைய 2.28-ஐ விட 2.06-தான் பெரிசாத் தெரியுது. அரியர் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, நீங்க என்ன சொல்றீங்க?